சடை பிடிக்கிற வரை

ட்ரெட்லாக்ஸ் வைக்கப் போகிறவருக்கு முதல் வேலை தலைக்குக் குளிப்பது. ஒருமுறை குளித்தால் போதாது. எண்ணெய்ப் பிசுக்கு, கண்டிஷனர், ஜெல், எப்போதோ தடவிய சீரம் எல்லாம் கழுவிப் போக வேண்டும். ஈர முடியை இரண்டு விரலால் உருவினால் வழுக்காமல் ‘கீச்’சென்று பிடிக்க வேண்டும். அதுவரை ஷாம்பு போட்டு அலசிக்கொண்டே இருக்கச் சொல்வார்கள்.

சொன்னால் பலர் நம்புவதில்லை. மாதக்கணக்கில் தலையை நனைக்காமல், சீப்பைத் தொடாமல், அழுக்கேறித் தானாக வருவதுதான் இந்தச் சடை என்று உலகம் முழுக்கவே ஓர் எண்ணம் ஊறிப்போயிருக்கிறது. நம் சினிமாவிலும் கஞ்சா விற்கிற அடியாளுக்குத்தானே இந்த விக்கை மாட்டிவிடுகிறார்கள்! நடைமுறையோ நேர்மாறு. பிசுக்குள்ள முடி வழுக்கும், வழுக்குகிற முடி சிக்காது. சுத்தமான, வறண்ட முடிதான் ஒன்றையொன்று கவ்விப் பிடிக்கும்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடலாம். சடையை யாரும் ஒரே நாளில் ‘போட்டுவிட’ முடியாது. சலூன் நாற்காலியில் நடப்பது விதைப்பு மட்டும். சடை பிடிக்க ஆறு மாதம் ஆகலாம், இரண்டு வருடமும் ஆகலாம். எந்த முறையில் தொடங்கினாலும் அந்தக் காத்திருப்பு உண்டு. அது எப்படிப்பட்ட காத்திருப்பு என்பதைத்தான் தொடங்கும் முறை தீர்மானிக்கிறது.

உதிர்ந்த முடியின் வேலை

தலைமுடி ஒவ்வொன்றின் மேலும் வேரிலிருந்து நுனியை நோக்கி அடுக்கிய நுண்ணிய செதில்கள் இருக்கின்றன. கண்டிஷனர் அவற்றைப் படிய வைத்து இழைகளை வழுவழுப்பாக்குகிறது. அதனால்தான் சீப்பு தடையில்லாமல் இறங்குகிறது. சடைக்கு இது ஆகாது. செதில்கள் சற்றே எழும்பி நின்றால் இழையும் இழையும் உரசும்போது கொக்கி போடும். அழுத்தமும் அசைவும் சேர்ந்தால் முடிச்சு இறுகும்.

அதைவிடப் பெரிய பங்கு, உதிர்கிற முடிக்கு. சராசரி மனிதத் தலையிலிருந்து தினமும் 50 முதல் 100 முடி வரை உதிர்கிறது. அன்றாடம் அது சீப்போடு வந்துவிடும், அல்லது குளியலறைச் சல்லடையில் தேங்கிக் கிடக்கும். சடையிலோ அது வெளியேற வழியில்லை. உள்ளேயே சுருண்டு, உயிருள்ள இழைகளைச் சுற்றிக்கொண்டு, சடையின் வயிற்றை நிரப்புகிறது. ஒரு வருடத்தில் இப்படி இருபதாயிரத்துக்கும் மேல் சேரலாம். முற்றிய சடை கயிறு போலத் திடமாக இருப்பதன் ரகசியம் இதுதான்.

ஆப்பிரிக்க வம்சாவளியினரின் முடிக்கு இந்த வேலை இயல்பாகவே வரும். அந்த முடியைக் குறுக்காக வெட்டிப் பார்த்தால் வட்டமாக இல்லாமல் தட்டையாக இருக்கும். அதனால் ஒவ்வொரு இழையும் சுருள் வில்லாக வளர்ந்து பக்கத்து இழையைச் சுற்றிக்கொள்கிறது. நேரான முடி அப்படியல்ல. வழுக்கி வழுக்கி ஓடும். அதைப் பிடித்து நிறுத்தத்தான் ஊசியும் சீப்பும் நாள் முழுக்க உழைப்பும் வேண்டியிருக்கிறது.

மழிக்கப்பட்ட தலைகள்

சடை பல நாகரிகங்களில் இருந்திருக்கிறது. நமீபியாவின் ஹிம்பா பெண்கள் வெண்ணெயும் செம்மண்ணும் குழைத்துத் தம் சடைகளுக்குப் பூசுகிறார்கள். நம் சிவனுக்கும் சித்தர்களுக்கும் சாதுக்களுக்கும் சடை இருக்கிறது. ஆனால் இன்று நியூயார்க்கிலும் லண்டனிலும் சலூன் பலகையில் ‘லாக்ஸ்’ என்று எழுதியிருப்பதற்கு நேரடிக் காரணம் ஜமைக்கா.

1930-ல் எத்தியோப்பியாவில் ஹைலி செலாசி முடிசூடினார். கறுப்பின மக்களை மீட்க வந்த தெய்வம் அவர்தான் என்று ஜமைக்காவில் பிரசாரம் செய்தவர்களில் முக்கியமானவர் லெனார்ட் ஹோவெல். 1940-ல் மலைப்பகுதியில் ‘பினாக்கிள்’ என்ற குடியிருப்பை அமைத்தார். இவர் தனக்குச் சூட்டிக்கொண்ட பெயர்களில் ஒன்று ‘கங்குங்குரு மராஜ்’. இந்திய வாடை அடிக்கிறதல்லவா? 1845 முதல் ஒப்பந்தக் கூலிகளாக முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் ஜமைக்காவின் கரும்புத் தோட்டங்களுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் வட இந்தியர்கள். செலாசியைத் தெய்வமாக ஏற்ற ராஸ்தாக்களின் சடைக்கு இந்த இந்தியர்களிடையே இருந்த சாதுக்களே முன்மாதிரி என்று ஆய்வாளர்கள் சிலர் வாதிடுகிறார்கள். கென்யாவின் மாவ் மாவ் போராளிகளின் படங்களைப் பார்த்து வந்தது என்பது வேறு சிலரின் வாதம். கிங்ஸ்டனின் இளம் ராஸ்தாக்கள் தாங்களாகவே 1940-களின் இறுதியில் தொடங்கிய கலகம் அது என்கிறார்கள் இன்னும் சிலர். எனக்கு மூன்றாவதுதான் நம்பும்படி இருக்கிறது. ஊரின் முகத்தைச் சுளிக்க வைப்பதற்காகவே இளைஞர்கள் முடி வளர்ப்பதற்கு அயல்நாட்டு முன்மாதிரி எதற்கு?

பைபிள் ஆதாரமும் அவர்களிடம் இருந்தது. தலையில் சவரக்கத்தி படக்கூடாது என்கிற நசரேய விரதம், எண்ணாகமம் 6-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. அந்தத் தலைகள் மீதுதான் அரசின் சவரக்கத்தி பாய்ந்தது. 1963 ஏப்ரலில் மான்டிகோ பே அருகே கோரல் கார்டன்ஸில் நடந்த மோதலைச் சாக்காக வைத்து, போலீஸ் ராஸ்தாக்களைக் கண்ட இடத்தில் பிடித்தது. அடித்தார்கள், சிறையில் தள்ளினார்கள், சடைகளை வெட்டினார்கள். ஜமைக்கா அரசு அதற்காக மன்னிப்புக் கேட்டது 2017-ல்.

ராஸ்தாவின் முறைக்கு ‘ஃப்ரீஃபார்ம்’ என்று பெயர். சீப்பு கிடையாது, வகிடு கிடையாது, முறுக்குவதும் கிடையாது. கற்றாழைச் சாறு போன்றவற்றால் கழுவுவார்கள், காய வைப்பார்கள். சடைகள் வேரில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் கையால் பிரித்துவிடுவார்கள். சில சடைகள் கட்டைவிரல் தடிமனில் வரும், சில பென்சில் போல் மெலிந்திருக்கும். அந்தச் சீரின்மைதான் அதன் அழகு. சுருள் முடிக்காரர்களுக்கு இதைவிடச் செலவு குறைந்த முறை இல்லை.

வகிடு எடுக்கிற நேரம்

சலூன் முறைகள் வேறு உலகம். அங்கே முதலில் வகிடுதான் முக்கியம். தலையைச் சதுரச் சதுரமாகப் பிரித்து ரப்பர் பேண்ட் போடுகிறார்கள். ஒரு வரிசையின் வகிடு அடுத்த வரிசையின் வகிட்டுக்கு நேராக வராமல், செங்கல் கட்டுமானம் போல மாற்றி மாற்றி எடுப்பார்கள். நேராக எடுத்தால் நடந்து போகும்போது மண்டை கட்டம் கட்டமாகத் தெரியும். எத்தனை சதுரம் என்பதை அன்றே முடிவு செய்தாக வேண்டும். பிறகு மாற்றுவது லேசில் நடக்காது. சதுரம் பெரிதானால் சடை தடிக்கும், காயத் தாமதமாகும். மிகச் சிறிதானால் வேரின் மேல் பாரம் ஏறி இழை மெலியும்.

சுருள் முடி ஓர் அங்குலம் இருந்தாலே சீப்பு நுனியால் சுழற்றிச் சுழற்றிச் சின்னச் சுருள்களாக்கிவிடலாம். இன்னும் நீளமாக இருந்தால் இரண்டு புரியாக முறுக்குவார்கள், அல்லது பின்னுவார்கள். பிடிமானத்துக்குக் கொஞ்சம் கற்றாழை ஜெல். உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்து ஒரே திசையில் உருட்டிக் கிளிப் போட்டு, ஹூட் ட்ரையருக்கு அடியில் உட்கார வைப்பார்கள். நான்கு முதல் ஆறு வாரத்துக்கு ஒருமுறை புதிதாக வளர்ந்த வேர்முடியை மட்டும் மறுபடி முறுக்க வேண்டும். பளிச்சென்று இருக்க வேண்டுமென்று வாராவாரம் முறுக்கிக்கொள்கிறவர்களுக்கு முன்நெற்றி ஏறிவிடும். தொடர்ந்து இழுபடுவதால் வரும் இந்த முடியிழப்பை முதலிலேயே கண்டுகொண்டால் மீளலாம், வருடக்கணக்கில் விட்டால் வேரே தழும்பாகிவிடும்.

முறுக்குவதற்குப் பதில், கொக்கி ஊசியால் சடையின் நுனியை வேருக்குள்ளேயே நுழைத்து இழுக்கிற ‘இன்டர்லாக்கிங்’ முறை உண்டு. வலம், இடம், மேல், கீழ் என்று நான்கு திசையிலும் மாற்றி மாற்றி நுழைக்க வேண்டும். ஒரே திசையில் போனால் வேரில் ஓட்டை விழும். வியர்க்கிறவர்களுக்கும் நீச்சல்காரர்களுக்கும் இது தோது, குளித்தாலும் அவிழாது. 1993-ல் அமெரிக்காவின் சான் டியேகோவில் ஜோஆன் கார்ன்வெல் உருவாக்கிய ‘சிஸ்டர்லாக்ஸ்’ இதன் நுணுக்கமான வடிவம். நூல் கனத்தில் நானூறுக்கும் மேற்பட்ட சடைகள். நாள் முழுக்க உட்கார்ந்தாலும் ஒரே நாளில் முடிவதில்லை.

நேர் முடிக்கு ஊசிதான்

இனி நம் தலைக்கு வருவோம். தமிழ்நாட்டில் சுருட்டை முடிக்காரர்கள் நிறைய இருந்தாலும், ஆப்பிரிக்க முடியின் இறுக்கமான சுருள் அபூர்வம். அலையோடுகிற முடியும் நேர் முடியும்தான் அதிகம். அவற்றை முறுக்கி விட்டால் முதல் குளியலிலேயே அவிழ்ந்துவிடும். கோவா, வர்க்கலா, ரிஷிகேஷ் பக்கம் வெளிநாட்டுப் பயணிகளுக்குச் சடை போட்டுவிடுகிறவர்களின் முறைதான் நமக்கும் பொருந்தும். பின்சீவலும் குரோஷே ஊசியும்.

முடி குறைந்தது ஆறு, ஏழு அங்குலமாவது இருக்க வேண்டும். முடியும்போது அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சுருங்கிப்போகும். ஓர் அங்குலச் சதுரத்தின் முடியை எடுத்து, மேல்நோக்கி விறைப்பாகப் பிடித்துக்கொள்கிறார்கள். நெருக்கமான பல்லுள்ள உலோகச் சீப்பை மண்டையிலிருந்து ஒரு விரற்கடை மேலே வைத்து, வேரை நோக்கிக் கீழே தள்ளுகிறார்கள். நாம் சீவுகிற திசைக்கு நேர் எதிர். வேரில் ஒரு சின்னப் பந்து திரள்கிறது. அதன் மேல் இன்னொரு தள்ளு, இன்னொரு பந்து. இடது கை கற்றையை மெல்லச் சுழற்றிக்கொண்டே இருக்கும். எல்லாப் பக்கமும் சமமாகச் சிக்க வேண்டும் என்பதற்காக. பிடி தளர்ந்தால் புடைப்பு விழும், அவசரப்பட்டால் உள்ளே பொள்ளலாகும்.

நுனி வரை வந்ததும் பார்க்க அது பஞ்சு மிட்டாய்தான். அதன் பிறகு ஊசி. ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான மெல்லிய கொக்கி. துருத்தி நிற்கும் முடியைச் சடைமேல் படுக்க வைத்து, எதிர்ப்பக்கத்திலிருந்து ஊசியைக் குத்தி, கொக்கியில் அதை மாட்டி உள்ளே இழுத்துக்கொள்வார்கள். குத்து, இழு, சடையைச் சற்றே திருப்பு, மறுபடி குத்து. கைதேர்ந்தவர்கள் இதைத் தையல் மிஷின் வேகத்தில் செய்கிறார்கள். வேகத்தில் ஆபத்தும் உண்டு. முரட்டுத்தனமாக இழுத்தால் முடி அறுந்து, சடைக்குள் துண்டு துண்டாகக் கிடக்கும். வெளியே கல்லாகத் தெரிகிற சடை சில மாதத்தில் நடுவில் இற்றுவிடும். முழுத் தலைக்கு நாற்பது, ஐம்பது சடை என்று வைத்தால் எட்டு மணி நேரம் சாதாரணம். முதல் இரண்டு நாள் மண்டை விண்ணென்று இருக்கும். தூக்கம் கெடும் அளவுக்கு வலித்தால், வகிட்டில் கொப்புளம் எழும்பினால், இறுக்கம் அதிகம். உடனே தளர்த்தச் சொல்லுங்கள்.

சடை பிடிக்கட்டும் என்று மெழுகு தடவுவார்கள். வேண்டாம். தேன்மெழுகு, பெட்ரோலியம் ஜெல்லி எதுவும் வெந்நீரிலும் சுலபத்தில் போகாது. உள்ளே தங்கித் தூசியையும் பஞ்சையும் பிடித்து வைத்துக்கொள்ளும். முடியை ஒட்டி வைப்பதால் அது நகர்ந்து சிக்கவும் விடாது. ட்ரெட்லாக்ஸ் நாறும் என்ற பேச்சில் பாதி, மெழுகு சம்பாதித்துக் கொடுத்தது.

எண்ணெயும் சீயக்காயும்

நம் வீட்டுப் பழக்கங்களில் சில இதற்கு நேர்ப் பகை. தேங்காயெண்ணெயைத் தொடங்குவதற்குச் சில வாரம் முன்பே நிறுத்திவிட வேண்டும். அம்மாக்கள் கவலைப்படுவார்கள். சூடு ஏறும், கண் எரியும் என்பார்கள். சடை முற்றிய பிறகு மண்டைத்தோலுக்கு மட்டும் ஒன்றிரண்டு சொட்டு தொட்டு வைத்துக்கொள்ளலாம் என்று சமாதானம் சொல்லலாம். சீயக்காய்த் தூளும் அரப்பும் சடைக்குள் புகுந்தால் வெளியே வராது. ஒரு வருடம் கழித்துச் சடையைக் கசக்கினால் பழுப்பாகத் தூள் உதிரும். படிவு விடாத, திரவ ஷாம்புதான் ஒத்துவரும். தண்ணீரில் கலந்து மண்டைத்தோலில் மட்டும் தேய்த்து, நுரையைச் சடை வழியே ஓடவிட்டு, நன்றாக அலச வேண்டும்.

தொடங்கும் முன் தலையை ஒருமுறை நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள். பேன் இருந்தால் ஒழித்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும், பிறகு ஈர்கொல்லிச் சீப்பு உள்ளே இறங்காது. பொடுகும் படையும் சொரியாசிஸும் அப்படியே. தோல் மருத்துவரைப் பார்த்துத் தீர்த்துக்கொண்டு வந்தால் உங்களுக்கும் நல்லது, ஊசி பிடிக்கிறவருக்கும் நல்லது. ஸ்மூத்தனிங், ஸ்ட்ரெயிட்டனிங் செய்த முடி வலுவிழந்திருக்கும். அது வளர்ந்து வெட்டுப்படும்வரை பொறுப்பது உத்தமம்.

போட்ட பிறகு முதல் இரண்டு மூன்று வாரம் தலைக்குத் தண்ணீர் வேண்டாம். அதன் பிறகு வாரம் ஒருமுறை. குளிப்பதைவிடக் காய வைப்பதில்தான் கவனம் வேண்டும். தடித்த சடையின் உட்பகுதி காயப் பல மணி நேரம் ஆகும். ஈரத்தோடு தூங்கினால் உள்ளே பூஞ்சை பிடிக்கும். அந்த வாடை ஒருமுறை ஏறினால் எளிதில் போகாது. சென்னையில் ஐப்பசி, கார்த்திகை மழையில் இரவுக் குளியல் கூடவே கூடாது. காலையில் குளித்து, துண்டில் ஒவ்வொரு சடையாகப் பிழிந்து, ஃபேனுக்கு எதிரே உட்கார நேரமிருக்கும் நாளில் மட்டும் குளிக்கலாம். தலையணைக்குச் சாட்டின் உறை போட்டால் பஞ்சு ஒட்டாது. பைக் ஓட்டுகிறவர்கள் ஹெல்மெட்டைப் போட்டுப் பார்த்துவிட்டுச் சடையின் தடிமனை முடிவு செய்யுங்கள்.

பிறகு வருவது பொறுமைக் காலம். மூன்றாம் மாதம் வாக்கில் சடை முழுக்கப் பிசிர் கிளம்பும், நடுவில் முடிச்சு முடிச்சாகப் புடைக்கும், ஒன்று வானத்தைப் பார்க்கும், இன்னொன்று காதைக் குத்தும். நீளம் குறைந்துகொண்டே போவதுபோல் இருக்கும். சடை பிடிக்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம். பெரும்பாலோர் கைவிடுவதும், கண்ணாடி முன் ஊசியை எடுத்துக்கொண்டு தினமும் நோண்டிக் கெடுத்துக்கொள்வதும் அப்போதுதான். அந்த நேரத்தில் கல்யாண வீடு ஏதும் வராமல் பார்த்துக்கொள்வது நல்லது.

பொறுமை இல்லாதவர்களுக்குச் செயற்கைச் சடையும், மனித முடி வைத்துக் கட்டும் சடையும் இருக்கின்றன. திருமலை, பழனி போன்ற கோயில்களில் பக்தர்கள் இறக்கும் முடி ஏலம் போய், விக்காகவும் இணைப்பு முடியாகவும் உலகச் சந்தைக்குச் சேர்கிறது. நேர் முடியை ஆவியில் சுருளாக்கி, ‘ஆஃப்ரோ’ என்று பெயரிட்டு விற்கிற சரக்கும் அந்தச் சந்தையில் உண்டு. மொட்டை போட்ட முடி சடையாகிற கதை அது, தனிக் கட்டுரைக்கே காணும்.

விரும்பாமல் வந்த சடை

சும்மா விட்டால் சடை வந்துவிடாதா என்று கேட்பவர்கள் உண்டு. சுருள் முடியாக இருந்து, அவ்வப்போது பிரித்துவிட்டால் வரும். நீளமான நேர் முடியைச் சும்மா விட்டால் தலை முழுக்க ஒரே பாயாகப் பின்னிக்கொள்ளும். போலந்தில் அப்படிப்பட்ட கட்டியை நோய் என்றும், வெட்டினால் குருடாகும் என்றும் பயந்தார்கள். கிராகோவ் மருத்துவர் யூசெஃப் டீட்டல் 19-ஆம் நூற்றாண்டில் அதை எதிர்த்துப் பெரிய போராட்டமே நடத்தினார்.

அது அயல்நாட்டுப் பழங்கதை என்று தள்ளிவிட முடியாது. மகாராஷ்டிரத்திலும் வட கர்நாடகத்திலும் ஒரு பெண்ணின் தலையில் சிக்கு விழுந்தால், எல்லம்மா தேவி அழைத்துவிட்டாள் என்று கோயிலுக்கு நேர்ந்துவிடும் கொடுமை இருந்தது. வெட்டினால் குடும்பத்துக்கு ஆகாது என்ற பயத்தில் கிலோக் கணக்கான பாரத்தைக் கழுத்து வலியோடு ஆண்டுக்கணக்கில் சுமந்த பெண்கள் இருக்கிறார்கள். நரேந்திர தபோல்கர் 1989-ல் தொடங்கிய மூடநம்பிக்கை ஒழிப்பு இயக்கத்தின் தொண்டர்கள் வீடு வீடாகப் போய், பேசிப் பேசிப் பயம் தெளிவித்து அவற்றை வெட்டிவிடுகிறார்கள். தபோல்கர் 2013-ல் புனேயில் சுட்டுக் கொல்லப்பட்டார். பணி நிற்கவில்லை. ஜமைக்காவில் வெட்டியது வன்முறை, இங்கே வெட்டுவது விடுதலை. தலைக்குரியவரிடம் கேட்டார்களா என்பதைத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

வேலையும் பள்ளியும்

அமெரிக்காவின் அலபாமாவில் 2010-ல் ஒரு கறுப்பினப் பெண்ணுக்குக் கிடைத்த வேலை, சடையை எடுக்க மறுத்ததால் பறிபோனது. 2016-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் நிறுவனத்தின் பக்கம் நின்றது. சிகை அலங்காரம் மாற்றக்கூடியது, இனம்தான் மாற்ற முடியாதது என்பது அதன் தர்க்கம். 2019-ல் கலிஃபோர்னியா முதன்முதலாக இந்தப் பாகுபாட்டைத் தடை செய்து ‘கிரவுன்’ சட்டம் கொண்டுவந்தது. வேறு பல மாநிலங்களும் பின்தொடர்ந்தன. தென்னாப்பிரிக்காவில் சடைக்காக வேலைநீக்கப்பட்ட சிறைக் காவலர்கள் 2013-ல் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் ஜெயித்தார்கள். சடையின் தாய்வீடான ஜமைக்காவிலேயே 2018-ல் ஒரு சிறுமியைச் சடையோடு பள்ளிக்கு வரக்கூடாது என்றார்கள். 2020-ல் தீர்ப்பு பள்ளிக்குச் சாதகம். மேல்முறையீட்டில் 2024-ல்தான் அது மாறியது.

நம் ஊரில் இதற்கென்று தனிச் சட்டம் இல்லை. கேம்பஸ் இன்டர்வியூவுக்கு ஆறு மாதம் இருக்கும்போது தொடங்காதீர்கள் என்பதைத் தவிர நான் சொல்ல ஒன்றுமில்லை. இன்னொருவர் அடிவாங்கிக் காத்த அடையாளத்தை நாம் அழகுக்காக எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். எடுத்துக்கொள்ளலாம் என்றே நினைக்கிறேன். ஆனால் கோரல் கார்டன்ஸ் என்றால் என்னவென்று தெரியாமல் எடுத்துக்கொள்வது அசிங்கம்.

வேண்டாம் என்று தோன்றினால் மொட்டைதான் வழி என்பார்கள். பாதி உண்மை. சடைகளை நடுவில் வெட்டி, மிச்சத்தைக் கண்டிஷனரில் ஊறவைத்து, நுனியிலிருந்து உலோகச் சீப்பால் நெம்பி நெம்பிப் பிரிக்கலாம். இரண்டு பேர் இரண்டு மூன்று நாள் உட்கார வேண்டியிருக்கும். அப்போது கூடை கூடையாக முடி வரும். இரண்டு வருடச் சடையென்றால் நாற்பது, ஐம்பதாயிரம் இழை. தலையே போச்சு என்று பதற வேண்டாம். அதெல்லாம் இத்தனை நாளும் உதிர்ந்து உள்ளேயே தங்கியிருந்தது. வகிடு அகன்றிருக்கிறதா, காதோரமும் முன்நெற்றியும் வெறிச்சோடியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். அப்படியிருந்தால் அடுத்த சடையைப் பற்றி யோசிக்கும் முன் தோல் மருத்துவரிடம் போய்விடுங்கள்.